ஃபாக்லாந்தில் கப்பல் நிற்கும் அந்த எட்டு மணி நேரம்

ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போகும் பெரிய பயணிகள் கப்பல்களில், கரை இறங்கும் நாள் காலையில் எல்லோரும் ஒரே ஓர் அறிவிப்புக்காகத்தான் காத்திருப்பார்கள். காற்று விடுமா, விடாதா? தலைநகர் ஸ்டான்லியின் உள்துறைமுகத்தில் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. அதனால் அவை வெளியே, போர்ட் வில்லியம் என்ற விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து டெண்டர் எனப்படும் சிறு படகுகளில், நேரோஸ் என்ற குறுகலான வாயில் வழியாக, ஆட்களை நகரத்தின் படகுத்துறைக்குக் கொண்டுவர வேண்டும். காற்று வலுத்துவிட்டால் அந்தச் சிறு படகைக் கப்பலின் பக்கத்தில் அணைத்து நிறுத்துவதே ஆபத்து. கேப்டன் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். தீவு கண்ணெதிரே தெரியும், ஆனால் காலை வைக்க முடியாது.

51 டிகிரி தெற்கு அட்சரேகையில், நாற்புறமும் திறந்த கடலில் கிடக்கும் இடம் இது. அங்கே காற்று வீசாத நாள் அபூர்வம். நகரத்தில் மனிதர் நட்டு வளர்த்தவை தவிர, தீவுகளுக்கென்று சொந்தமான மரம் ஒன்றுகூடக் கிடையாது. பாதி ஆண்டு காத்திருந்து பணம் கட்டி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் எந்தக் காற்று படகை மறிக்கிறதோ, அதே காற்றைத் தாங்கிக்கொண்டுதான் ஓர் அல்பட்ராஸ் பறவை சிறகை அசைக்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து குஞ்சுக்கு இரை கொண்டுவருகிறது.

இந்த நிறுத்தத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பென்குயின்களின் அழகோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் கரை யாருக்கு எதற்குத் தேவை என்ற கேள்வி. பென்குயின், அல்பட்ராஸ், யானை சீல் எல்லாமே கடலில் பிழைக்கும் உயிர்கள். முட்டையிடவும் குட்டி போடவும் இறகோ தோலோ மாற்றிக்கொள்ளவும்தான் அவை தரைக்கு வருகின்றன, அதுவும் வேறு வழியில்லாமல். பெரும்பாலானவை வருவது தெற்கின் கோடையில். கப்பல்களும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, அதே கோடையில்தான் வருகின்றன. ஒரே மாதங்கள், ஒரே மணல், ஒரே புல்மேடு. இந்த நிறுத்தத்தின் எல்லா ஒழுங்குகளும் எல்லாச் சிக்கல்களும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

பெரிய கப்பல் ஏன் இங்கே நிற்கிறது

வரைபடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். புவனஸ் ஐரிஸ் அல்லது மான்டிவிடியோவில் கிளம்பி, தென் அமெரிக்காவின் அடிமுனையான ஹார்ன் முனையைச் சுற்றிச் சிலி நாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களுக்கு, பெட்டகோனியக் கரையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் இந்தத் தீவுகள் வழியில் கிடைக்கும் நல்ல இடைநிறுத்தம். பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப் பகுதி இது. மால்வினாஸ் என்ற பெயரில் அர்ஜெண்டினா இன்றும் இதற்கு உரிமை கோருகிறது. கிழக்கு ஃபாக்லாந்து, மேற்கு ஃபாக்லாந்து என்று இரண்டு பெரிய தீவுகள். அவற்றைச் சுற்றி 700-க்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள். இவ்வளவு பரப்பில் வாழும் மக்கள் சுமார் 3,500 பேர்தான். அதிலும் பெரும்பாலோர் ஸ்டான்லியில். நகரத்துக்கு வெளியே உள்ள எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் 'கேம்ப்'. வயல்வெளி என்று பொருள்படும் 'காம்ப்போ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

மீதிப் பாதி விடை அண்டார்டிகாவின் விதிகளில் இருக்கிறது. 1991-இல் தொடங்கப்பட்ட அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர்களின் சர்வதேசச் சங்கம் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் அங்கே ஆளையே இறக்கக் கூடாது. ஆகவே 2,000, 3,000 பேரோடு வரும் பெரிய கப்பல் அண்டார்டிகா வரை போனாலும், பனிமலைகளைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பயணிகள் இந்தத் தென்கடல் பக்கம் தரையில் நின்று பென்குயின் பார்க்கக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் ஸ்டான்லி ஒன்று. கொரோனாவுக்கு முந்தைய நல்ல சீசன்களில் 60,000-க்கும் அதிகமானோர் இப்படி வந்து இறங்கினார்கள். ஊரின் மக்கள்தொகையை விடக் கூடுதலான ஆட்கள் ஒரே காலையில் படகுத்துறையில் வந்து நிற்பது அங்கே சாதாரணம்.

சின்னக் கப்பல்களின் கதை வேறு. நூறு, இருநூறு பேரோடு வரும் அந்த ஆய்வுப்பயணக் கப்பல்கள் ஸ்டான்லிக்கு வரும் முன்னரே மேற்கு ஃபாக்லாந்து பக்கத்துச் சிறு தீவுகளில் ரப்பர் படகில் ஆளை இறக்கும். வெஸ்ட் பாயின்ட், சாண்டர்ஸ், நியூ ஐலண்ட், கார்காஸ் போன்றவை அவை. அங்கிருந்து தெற்கு ஜார்ஜியா என்ற தீவு, பிறகு அண்டார்டிகா. ஒரே நாடு, ஆனால் பெரிய கப்பலில் வந்தவர் பார்க்கும் ஃபாக்லாந்தும் சின்னக் கப்பலில் வந்தவர் பார்க்கும் ஃபாக்லாந்தும் ஒன்றல்ல.

இவ்வளவு உயிர்கள் இங்கே குவிந்தது எப்படி

கரையில் நின்றுகொண்டு பார்த்தால் இதற்கு விடை தெரியாது. கடலுக்குள் பார்க்க வேண்டும்.

அண்டார்டிகாவைச் சுற்றி ஓயாமல் ஓடும் பெரும் நீரோட்டத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து வடக்கே திரும்புகிறது. அதற்கு ஃபாக்லாந்து நீரோட்டம் என்றே பெயர். குளிர்ந்த நீர், உப்புச் சத்துகள் நிறைந்த நீர். தென் அமெரிக்காவின் கிழக்கே கடலடியில் மிக அகலமாக விரிந்திருக்கும் பெட்டகோனியக் கண்டத்திட்டின் விளிம்பில் இந்த நீரோட்டம் மோதி ஓடும்போது, ஆழத்துச் சத்துகள் வெளிச்சம் படும் மேல்மட்டத்துக்கு ஏறிவருகின்றன. அங்கே நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தின்னும் சின்ன உயிரிகள், அவற்றைத் தின்னும் கணவாய், ராக் காட் மீன், சிவப்பாகத் திரளும் லாப்ஸ்டர் கிரில் என்று சங்கிலி நீள்கிறது. ஃபாக்லாந்து தீவுகள் அந்தத் திட்டின் மேல், விளிம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. நிறைந்த உணவுக்கடைக்கு நடுவே ஒரு வீடு கிடைத்ததுபோல.

குஞ்சுள்ள பறவைக்கு இந்தத் தூரக் கணக்கு உயிர்க் கணக்கு. குஞ்சு கரையில் பசியோடு நிற்கிறது, இரை கடலில் இருக்கிறது. போய்வரும் தூரம் கூடினால் குஞ்சுக்குக் கிடைக்கும் வேளை குறையும். ஜென்டூ பென்குயின் போல, காலையில் போய் அன்றைக்கே திரும்பும் பறவைக்குப் பக்கத்திலேயே இரை இருந்தாக வேண்டும். அது இருப்பதால்தான் உலகின் மிகப்பெரிய ஜென்டூ கூட்டங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. தூரம் பறக்கத் தெரிந்த அல்பட்ராஸுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை என்றாலும், உலகிலுள்ள கரும்புருவ அல்பட்ராஸ்களில் சுமார் 70 சதவீதம் ஃபாக்லாந்தில்தான் கூடு கட்டுகின்றன. வடமேற்கு மூலையில் ஸ்டீப்பிள் ஜேசன் என்ற தீவில் அவற்றின் மிகப்பெரிய கூட்டம் இருக்கிறது. பெரிய கப்பலில் வருகிறவர்கள் அதைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

இரை மட்டும் போதாது, கரை பத்திரமாகவும் இருக்க வேண்டும். இங்கே மனிதர் வரும் முன் நிலத்தில் வாழ்ந்த ஒரே பாலூட்டி வாரா என்ற நரி போன்ற ஓநாய். எலி கிடையாது, பூனை கிடையாது. மண்ணில் வளை தோண்டியும் புல்லடியில் ஒளிந்தும் கூடு வைக்கும் பறவைகளுக்கு இதைவிடத் தோதான இடம் வேறென்ன? அப்புறம் டஸாக் புல். கரையோரமாக ஆள் உயரத்துக்கு மேலும் வளரும் இந்தப் புல்லின் அடித்தூர் ஒரு தூண் போல இருக்கும். அதன் நிழலில் மெகல்லன் பென்குயின் வளை தோண்டும், கடற்சிங்கம் படுத்துக்கிடக்கும், சின்னஞ்சிறு காப்ஸ் ரென் குருவி பூச்சி தேடும். பறவைகளின் எச்சம் புல்லுக்கு உரம். கடலின் சத்து இப்படித்தான் நிலத்தில் ஏறுகிறது. செம்மறி ஆட்டுப் பண்ணைகள் வந்த பிறகு இந்தப் புல்லின் பெரும்பகுதி மேய்ச்சலில் அழிந்துபோனது. ஆடு ஏறாத சின்னத் தீவுகளில்தான் அது இன்று செழிப்பாக நிற்கிறது.

எங்கே போவது, எவ்வளவு நேரம்

கப்பல் நிற்பது எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பலரின் கனவு வாலன்டியர் பாயின்ட். ஃபாக்லாந்தில் கிங் பென்குயின்கள் அதிகமாகக் கூடும் இடம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள், பின்னால் நீண்ட வெள்ளை மணற்கரை. ஸ்டான்லியிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அதில் ஒரு பகுதி ரோடே இல்லாத ஈரக் கரிமண் நிலம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்களை உள்ளூர்க்காரர்களே ஓட்டுவார்கள். சக்கரம் புதைந்தால் மற்ற வண்டி வந்து கயிறு போட்டு இழுக்க வேண்டும் என்பதால் கூட்டமாகத்தான் போவார்கள். முதல் டெண்டரில் இறங்காவிட்டால் இந்தப் பயணம் நடக்காது. பறவைகளோடு இருக்க மொத்தத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதற்காக ஐந்து மணி நேரக் குலுக்கலா என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில், ஆம். மற்ற பென்குயின்களைப் பல நாடுகளில் பார்க்கலாம். கிங் பென்குயின் கூடு வைக்கும் இடத்தை எட்டுவது அவ்வளவு எளிதில்லை.

கிங் பென்குயினுக்குக் காலண்டரே வேறு. ஒரு குஞ்சை வளர்த்து ஆளாக்க ஓராண்டுக்கும் மேல் ஆகும். மூன்று ஆண்டில் இரண்டு முறைதான் முயல முடியும். கூடே கிடையாது. ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு, தாயும் தந்தையும் மாறி மாறி 54 நாள் நிற்கும். அதனால் ஒரே கூட்டத்தில் முட்டையோடு நிற்கும் பறவை, பழுப்புக் கம்பளிபோல ரோமம் போர்த்த பெரிய குஞ்சு, இறகு உதிர்த்துக்கொண்டு சோர்ந்து நிற்கும் பறவை என்று எல்லாக் கட்டமும் ஒருங்கே தெரியும். எந்த மாதம் கப்பல் வந்தாலும் அங்கே அவை இருக்கும்.

கொஞ்சம் பக்கத்தில் போதும் என்பவர்களுக்கு ப்ளஃப் கோவ் இருக்கிறது. தனியார் பண்ணை. ஜென்டூக்களும் சில கிங் பென்குயின்களும் இருக்கும். இன்னும் பக்கம் ஜிப்ஸி கோவ். ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான், நடந்தே போகிறவர்களும் உண்டு. அங்கே மெகல்லன் பென்குயின்கள் வளைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். கழுதை கத்துவதுபோல அவை எழுப்பும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. படகில் வரும்போதே கறுப்பும் வெள்ளையுமான சின்ன டால்பின்கள் முன்னால் துள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. காமர்சன் டால்பின் என்று பெயர். அதற்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

ஸ்டான்லி ஊரைச் சுற்ற ஒரு மணி நேரம் போதும். பேராலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் திமிங்கில எலும்பு வளைவு 1933-இல் வைத்தது. இரண்டு நீலத் திமிங்கிலங்களின் தாடை எலும்புகள். எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடலில் நீலத் திமிங்கிலங்களை ஆயிரக்கணக்கில் கொன்ற காலத்து அடையாளம் அது என்பதையும் நினைத்துக்கொண்டு எடுத்தால் நல்லது.

ஆறு மீட்டர்

ஃபாக்லாந்தின் நாட்டுப்புற நடத்தை விதிகளில் ஓர் எண் இருக்கிறது. எந்தக் காட்டுயிருக்கும் ஆறு மீட்டருக்குள் நெருங்காதீர்கள். பறவைக் கூட்டத்துக்குள் நடக்காதீர்கள், விளிம்பிலேயே நில்லுங்கள். அவை கடலுக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள். வாலன்டியர் பாயின்ட்டில் கூட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கற்கள் வைத்து எல்லை காட்டியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளக் காவலரும் இருப்பார்.

பென்குயின் தானாகவே நடந்துவந்து உங்கள் பக்கத்தில் நிற்கலாம். அது அதன் இஷ்டம், தடையில்லை. நாம் போய் நெருங்குவதுதான் கூடாது. இந்த வித்தியாசம் எதற்கு என்று தோன்றலாம்.

பென்குயின் அமைதியாக நிற்பதை வைத்து அதற்குப் பயமில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதுதான் முதல் காரணம். பொய் முட்டைக்குள் கருவி வைத்துக் கூட்டில் இருக்கும் பறவையின் இதயத்துடிப்பை அளந்த ஆய்வுகள் சில பென்குயின் இனங்களில் நடந்திருக்கின்றன. வெளியே எந்த அசைவும் தெரியாதபோதும் உள்ளே துடிப்பு ஏறுகிறது. சிலி, பெரு கரைகளில் வாழும் ஹம்போல்ட் பென்குயின் 150 மீட்டருக்கு அப்பால் மனிதர் நடந்து போனாலே பதறுகிறது. எல்லா இனமும் அப்படி இல்லை. அர்ஜெண்டினாவின் புன்டா டோம்போவில் தினமும் ஆட்களைப் பார்த்துப் பழகிய மெகல்லன் பென்குயின்களுக்குப் பதற்றம் குறைந்துவிடுகிறது, ஆளையே பார்க்காத பகுதியில் இருப்பவைதான் மிரள்கின்றன. இதிலிருந்து எனக்குப் படுவது: பயணிகளைத் தீவெங்கும் பரப்பிவிடுவதைவிட, சில இடங்களில் மட்டும் வழி போட்டு, அந்த வழியிலேயே நடக்கவைப்பது நல்லது. ஜிப்ஸி கோவில் குறித்துவைத்த பாதையை விட்டு இறங்காதீர்கள் என்பதற்கு இன்னொரு நேரடிக் காரணமும் உண்டு. மெகல்லன் வளைகள் மேலே மெல்லிய மண்கூரை கொண்டவை. மேலே கால் வைத்தால் உள்ளே குஞ்சின்மேல் இடியும்.

அடுத்தது ஸ்குவா. பழுப்பு நிறத்தில் பெரிய கடற்காகம் போல இருக்கும் இந்தப் பறவை, பென்குயின் கூட்டத்தின் ஓரத்தில் பொறுமையாகக் காத்திருக்கும். ஜென்டூ பதறி ஒரு நிமிடம் முட்டையை விட்டு எழுந்தால் போதும். அந்த நிமிடத்தை உண்டாக்கியவர் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார், முட்டை போனது அவருக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாவது, இறகு உதிர்க்கும் காலம். பென்குயின் ஒரே சமயத்தில் எல்லா இறகையும் மாற்றிக்கொள்ளும். புது இறகு முழுதாக வரும்வரை நீர் உடம்பில் ஏறும் என்பதால் கடலில் இறங்க முடியாது. கடலில் இறங்காமல் சாப்பாடு இல்லை. மூன்று நான்கு வாரம் முழுப் பட்டினி. கோடையின் பின்பாதியில் வருகிறவர்கள் கலைந்த இறகோடு, அசையாமல், 'நோய்வாய்ப்பட்டதுபோல' நிற்கும் பென்குயின்களைப் பார்ப்பார்கள். நோய் இல்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் அதை விரட்டி நாலடி ஓடவைப்பது, இருப்பில் கைவைப்பதற்குச் சமம்.

கண்ணிவெடிகள் காத்த கரை

ஜிப்ஸி கோவுக்கு அடுத்து யார்க் பே என்ற அழகான வெள்ளை மணற்கரை இருக்கிறது. 38 ஆண்டுகள் அங்கே மனிதக் கால் படவில்லை.

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜெண்டினப் படைகள் தீவுகளைக் கைப்பற்றின. பிரிட்டிஷ் படை கடல் வழியாகத் தரையிறங்கும் என்று எதிர்பார்த்து ஸ்டான்லியைச் சுற்றியுள்ள கரைகளில் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். 74 நாளில், ஜூன் 14 அன்று, போர் முடிந்தது. வெடிகள் அப்படியே கிடந்தன. மணல்மேடுகள் நகரும்போது வெடிகளும் இடம்மாறின. யார் துணிந்து எடுப்பது? வேலி போட்டு, மண்டையோட்டுப் பலகை மாட்டிவிட்டார்கள்.

ஆனால் பென்குயின்களுக்கு அந்த வேலி பொருட்டல்ல. நாலைந்து கிலோ எடையுள்ள பறவை நடந்தால் வெடி வெடிப்பதில்லை. ஆடு வராது, வண்டி வராது, ஆள் வரமாட்டார். பறவைகள் நிம்மதியாகக் குஞ்சு பொரித்தன. கண்ணிவெடித் தடை குறித்த ஒட்டாவா உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டிருந்ததால் அகற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. 2009-இல் பணி தொடங்கியது. மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தோண்டியவர்களில் பெரும்பாலோர், தங்கள் நாட்டில் இதே வேலையைச் செய்து பழகிய ஜிம்பாப்வேக்காரர்கள். 2020 நவம்பரில் கடைசி வெடியும் அகற்றப்பட்டது. ஊர்மக்கள் யார்க் பே மணலில் இறங்கி ஓடினார்கள்.

பறவைகளுக்காக வெடிகளை அப்படியே விட்டிருக்கலாம் என்று சொன்ன தீவுவாசிகளும் இருந்தார்கள். அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கரையைப் பாதுகாக்கக் கண்ணிவெடிதான் வேண்டும் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம்கொடுக்கவில்லை. ஆறு மீட்டர் என்ற சொல்லும் ஒரு வரிசை வெள்ளைக் கல்லும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

செய்யுமா என்ற சந்தேகம் எழுவதற்குப் பழைய கதைகள் காரணம். வாரா ஓநாயை 1830-களில் இங்கே வந்து பார்த்த சார்லஸ் டார்வின், இது சீக்கிரம் அழிந்துவிடும் என்று எழுதினார். மனிதரைக் கண்டு ஓடத் தெரியாத பிராணி அது. தோலுக்காகவும், ஆடுகளைத் தின்னும் என்ற பயத்தாலும் கொன்று, 1876-இல் கடைசி ஒன்றையும் முடித்துவிட்டார்கள். அதே 19-ஆம் நூற்றாண்டில் பென்குயின்களைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். இன்று ஜீப் பிடித்துப் போய்ப் பார்க்கும் கிங் பென்குயின் அப்போது இங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி சில பறவைகள் வந்து சேர, அதிலிருந்து வளர்ந்ததுதான் இப்போதைய கூட்டம். முட்டை பொறுக்குவதற்காகப் பள்ளிகளுக்கு ஒரு நாள் விடுமுறையே விட்ட ஊர் இது. சாப்பாட்டுக்கு வேறு வழி குறைந்த காலம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கம்பளி விலை விழுந்த பிறகு, அதே பண்ணைக் குடும்பங்களுக்கு உயிரோடு நிற்கும் பென்குயின் வருமானம் தரத் தொடங்கியது. பறவைக் கூட்டம் இருக்கும் நிலம் பல இடங்களில் தனியாருடையது. ஜீப் ஓட்டுகிறவர், கேக் சுட்டு டீ கொடுக்கிறவர், வழிகாட்டுகிறவர் எல்லாம் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களே. கரையைக் காக்க இவர்களுக்கு ஒரு சொந்தக் காரணம் கிடைத்திருக்கிறது. கப்பல் சுற்றுலாவால் வந்த நன்மைகளில் இதை நான் முதலில் வைப்பேன்.

பூட்ஸில் ஒட்டி வருவது

கப்பல் மனிதரை மட்டும் கொண்டுவருவதில்லை. பழைய காலத்துக் கப்பல்கள் எலியைக் கொண்டுவந்தன. விளைவு, உலகில் ஃபாக்லாந்தில் மட்டுமே வாழும் காப்ஸ் ரென் குருவி, எலி ஏறாத தீவுகளில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. இப்போதைய பயணி கொண்டுவரக்கூடியது பையின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய விதையோ, பூட்ஸ் அடியில் காய்ந்த எச்சமோ. இறங்கும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

2023-இன் கடைசி மாதங்களில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியாவையும் ஃபாக்லாந்தையும் எட்டியது. தென் அமெரிக்கக் கரைகளில் கடற்சிங்கங்களையும் யானை சீல்களையும் பேரளவில் கொன்றுவிட்டு வந்த கிருமி. பறவைகளே பரப்பிய நோய், பயணிகள் கொண்டுவந்ததல்ல. ஆனால் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் பூட்ஸ் வழியாக அது போய்விடக் கூடாது என்பதற்காகச் சின்னக் கப்பல்களில் விதிகள் இறுகின. முன்பெல்லாம் படம் எடுக்கும்போது தாழ்ந்து உட்காருங்கள், பறவை மிரளாது என்றார்கள். இப்போது பறவைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், மண்டியிடாதீர்கள், பையைத் தரையில் வைக்காதீர்கள் என்கிறார்கள். பழைய பயண அனுபவங்களைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்த உயிர்களின் எண்ணிக்கையை ஏற்றி இறக்குவது பயணிகளை விடக் கடல்தான். 2002-03 கோடையில் நச்சுப்பாசி பெருகிக் கடல் கெட்டபோது பென்குயின்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த ஒரு சீசனில் நடந்ததை எந்தச் சுற்றுலாக் கூட்டமும் செய்ததில்லை. ராக்ஹாப்பர் பென்குயின்கள் 1930-களில் இருந்ததில் ஒரு சிறு பங்குதான் இன்று மிச்சம். அவை மிகுதியாக வாழும் இடங்கள் பல, கப்பல் பயணிகள் எட்டாத பாறைச்சரிவுகள். 1986-இல் அறிவிக்கப்பட்ட மீன்பிடி எல்லைக்குள் கணவாய் பிடிக்க உரிமம் கொடுத்துத்தான் தீவு அரசு பெரும்பங்கு வருமானம் பார்க்கிறது. அந்தக் கணவாயைப் பென்குயின்களும் தின்கின்றன. நீண்ட தூண்டில் கயிறுகளிலும் இழுவைமடிக் கம்பிகளிலும் அல்பட்ராஸ்கள் சிக்கிச் செத்ததால், பறவைகளை விரட்டும் நாடாக்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதனால் சாவுகள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. கரையில் ஆறு மீட்டர் தள்ளி நிற்பது இவற்றையெல்லாம் சரிசெய்துவிடாது. கடலில் தோற்றுத் திரும்பும் பறவைக்குக் கரையிலும் ஒரு தொல்லை சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. ஆனால் பயணியின் கையில் நேரடியாக இருப்பது அது ஒன்றுதான்.

கடைசியாக நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். காலையில் இரை தேடப் போன ஜென்டூக்களில் பெரும்பாலானவை பிற்பகலில்தான் கரையேறும். அலையோடு வயிற்றால் வழுக்கிவந்து, எழுந்து, உடம்பைச் சிலிர்த்துவிட்டு, வயிறு நிறைய இரையோடு உள்ளே குஞ்சு இருக்கும் மேடுவரை நடக்கும். தினமும் அதே தடம், புல் தேய்ந்து பாதையே விழுந்திருக்கும். கடைசி டெண்டரைப் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், கடைசிப் படத்துக்காக அலைக்கரைக்கு ஓடுகிறவர்கள் நிற்பதும் சரியாக அந்த நேரத்தில், அந்த இடத்தில்தான். கடலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே பத்துப் பேர் வரிசையாக நின்றால் பென்குயின் அலைக்குள்ளேயே நின்றுவிடும், சில சமயம் திரும்பிக் கடலுக்குள் போய்விடும். குஞ்சு மேட்டில் காத்திருக்கும். படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அந்தத் தடத்தை விட்டு விலகி நில்லுங்கள், அது தானே உங்களைத் தாண்டி நடந்துபோகும்.